கட்டத்தோடு கட்டம்

உம்மு ஆசைக்குத்தான் தைத்தாள். மருதமுனையில் வயிற்றுப்பாட்டுக்குத் தைக்கிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களோடு அவள் தன்னை ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை. யாராவது பள்ளிக்கூடச் சீருடைத் துணியோடு வாசலில் வந்து நின்றால், தெருவில் ஏறும் ஒழுங்கை முனையில் இருந்த தையற்கடையைக் கைகாட்டி அனுப்பிவிடுவாள்.

"ஒரு சட்டை வெட்டிக் குடுத்தா உங்கட கை தேய்ஞ்சா போகும் ராத்தா?" என்று தங்கை சிபானா கேட்பாள். பக்கத்து வளவுக்காரி. வேலி இடைவெளியால் நாளுக்கு நாலு தரம் வந்து போகிறவள்.

"கை தேயாது. நாளைக்கு நாலு பேர் வருவாங்க. மறுகா மிசினக் கண்டாலே எனக்கு வெறுத்துப் போயிரும்."

மனதுக்குப் பட்டால் மட்டும் தைப்பாள். உறவில் பிறந்த குழந்தைக்குச் சட்டை, தலையணை உறை, யன்னல் சீலை. எல்லாவற்றுக்கும் மேலே போர்வை. அவளுடைய புருஷன் மக்கீன் ஒரு நெசவுச் சாலையில் நூலுக்குச் சாயம் போட்டவர். ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரன்களை வெட்டும்போது மிஞ்சும் ஓரத் துண்டுகளைச் சாக்குப் பையில் கொண்டுவந்து தருவார். அவற்றைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பழைய சீலை வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, உம்மு போர்வை செய்வாள். சொந்தத்தில் அவள் கைப்பட்ட போர்வை இல்லாத கட்டில் குறைவு.

மிசின் ஹோலில், தெருப்பக்க யன்னலுக்குக் கீழே நின்றது. காலால் மிதித்து ஓட்டுகிற பழைய மிசின். காலை வெளிச்சம் இடப்பக்கத்தால் ஊசியில் விழும். கையின் நிழல் துணியில் விழாது. வேறெந்த இடத்திலும் அப்படி வராது.

அவள் மனதில் ஒரு போர்வை இருந்தது. சாரன் என்றால் கட்டம் போட்டதுதான். ஒரு சாரன் துண்டை இன்னொரு சாரன் துண்டோடு பொருத்தினால் கட்டத்தின் கோடு அந்தத் தையலில் உடைந்துபோகும். மற்றவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. உம்முவின் கண்ணில் அது குத்திக்கொண்டே இருந்தது. ஒரே அளவுக் கட்டம் உள்ள துண்டுகளாகப் பொறுக்க வேண்டும். கோட்டுக்குக் கோடு முட்ட வைத்துத் தைக்க வேண்டும். ஒரு ஓரம் கருஞ்சிவப்பில் தொடங்கி, வரிக்கு வரி வெளுத்து, மறு ஓரம் வெள்ளையில் முடிய வேண்டும். நிறம் மாறலாம், கோடு மட்டும் எங்கும் உடையக் கூடாது. தள்ளி நின்று பார்த்தால் ஒரே தறியில் ஒரே மூச்சில் நெய்தது போல் இருக்க வேண்டும். பெரிய கட்டில் அளவு.

துண்டுகளைப் பல வருசம் சேர்த்தாள். நிறவாரியாகப் பிரித்து மாப் பைகளில் கட்டி வைத்தாள். கைத்தையலில் அந்தப் போர்வை சரிவராது. பாரம் கூடக் கூடக் கைத்தையல் இழுபட்டுக் கோடு விலகும். ஹோல் நிலத்தில் விரித்துப் பார்த்துப் பார்த்து, மிசினில் ஓட்டினால்தான் வரும். தொடங்க இருந்த வருசம் மக்கீன் மௌத்தானார்; உம்மு கைம்பெண் ஆனாள். அதன்பிறகு மகள் ஸப்னாவின் கலியாணம் வந்தது.

வீடு மகளுக்கு. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பார்கள். தாய் பின்பக்கத்துக்குப் போய்விடுவாள். யாரும் போகச் சொல்வதில்லை. போய்விடுவாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சப்ரி வரிப்பத்தான்சேனைக்காரர். வயற்காரக் குடும்பம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இரவுக் கடமை முடிந்து காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். ஸப்னா நீர்ப்பாசனப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். விடிந்தால் வாய்க்கால் அணைக்கட்டு என்று போய்விடுவாள். ஆக, பகலில் வீட்டில் இருந்தது மாமியும், தூங்குகிற மருமகனும்.

கலியாணம் முடிந்த முதற் கிழமை. உம்மு யன்னலடியில் இருந்து ஒரு தலையணை உறையை ஓட்டிக்கொண்டிருந்தாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. அறைக்கதவு திறந்தது. சப்ரி நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் துவாயோ என்னவோ ஒரு துணி. உம்முவின் கை தானாகத் தலைக்குப் போனது. மார்க்கப்படி மருமகனுக்கு முன்னால் மறைப்பு இல்லை, ஊர்ப்படி இருந்தது. சப்ரி திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். ஓசைப்படாமல் சாத்தினார். அதுதான் அவளைச் சுட்டது.

"நித்திரையால எழுப்பிட்டன்," என்று அன்று சிபானாவிடம் சொன்னாள். "மனிசன் வாய் திறக்கல்ல. ஒரு பார்வதான்."

"எக்ஸ்ரே எடுக்கிறவருகா. அந்த ஒரு பார்வையில உங்கட எலும்பெல்லாம் எண்ணியிருப்பாரு."

"சிரிக்காத. அவரு இந்த வீட்டுக்கு வந்து ஒரு கிழமை ஆகல்ல."

சப்ரி கடமைக்குப் போயிருந்த ஒரு நேரம் பார்த்து அவள் ஒரு பரிசோதனை செய்தாள். அறை நிலத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். சிபானாவை மிசினில் இருத்தி மிதிக்கச் சொன்னாள். கிளாஸுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். தண்ணீர் நடுங்கியது. ஹோலுக்கும் அறைக்கும் ஒரே சீமெந்து நிலம். அதிர்வு சுவருக்கு அடியால் போனது. பழைய றப்பர் செருப்பை வெட்டி மிசின் கால்களுக்குக் கீழே வைத்தாள். அப்போதும் நடுங்கியது. கொஞ்சம் குறைவாக.

மறு கிழமை மிசின் பின் விறாந்தைக்குப் போனது.

"ஏன் உம்மா பின்னுக்கு?" என்று ஸப்னா கேட்டாள்.

"முன்னுக்கு வெயில்."

ஸப்னா சரி என்றாள். அவளுக்கு அன்று ஒரு மதகு வேலை பார்க்க இருந்தது.

பின் விறாந்தையில் வெளிச்சம் போதாது. அடுப்படிக் கூரை மறைத்தது. அங்கிருந்து மிதித்தாலும் அறைக்குக் கேட்கும் என்றே அவளுக்குப் பட்டது. சப்ரியின் மோட்டார் சைக்கிள் தெருவில் ஏறிய சத்தம் கேட்டால் மிசின் மூடியைத் திறப்பாள். அது திரும்பி வரும் சத்தம் கேட்டால் மூடிவிடுவாள். அவர் போவதும் இருட்டுகிற நேரம். அப்படித் தொட்டுத் தொட்டுப் பெரிய போர்வை தைக்க ஏலாது. நாளடைவில் மூடியைத் திறப்பதே நின்றது. கைத்தையல் மட்டும் மிஞ்சியது. சப்ரி பின்பக்கம் வருவதில்லை. கிணற்றடிக்குப் போவதென்றாலும் வளவின் ஓரத்தால் சுற்றி, செருமிக்கொண்டுதான் போவார்.

ஒருநாள் கொடியில் அவருடைய புதுக் காற்சட்டை காய்ந்தது. கால் மடிப்பு கடைத் தையல். ஒரு கால் மற்றக் காலைவிட நீளம். நூல் நிறமும் பொருந்தவில்லை. உம்மு அதன் கீழ் நின்று கனநேரம் பார்த்தாள். வீட்டுக்குள் ஒருத்தி இருக்கிறாள், கடைக்குக் கொடுத்திருக்கிறார். தன் தையலைப் பற்றிய அவருடைய தீர்ப்பு அதுதான் என்று எடுத்துக்கொண்டாள். அந்தக் கோணலையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காற்சட்டையைக் கொடியால் எடுத்து, மடிப்பைப் பிரித்து, கையால் மடித்துத் தைத்து, திரும்பக் கொடியில் போட்டாள்.

அடுத்த முறை கொடியில் தொங்கியது மடிப்பே தைக்காத காற்சட்டை. கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. அது தண்ணீரே காணாதது. உம்மு பழைய காற்சட்டையின் நீளம் பார்த்துத் தைத்துத் திரும்பப் போட்டாள். அதன்பிறகு அவர் வாங்கிய ஒவ்வொரு காற்சட்டையும் அப்படியே கொடிக்கு வந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. கைவேலைக்குச் சத்தம் இல்லை, அதுதான் மருமகனுக்குத் தோது என்று உம்மு முடிவுகட்டினாள்.

"வாயத் திறந்து கேளுங்களன்," என்று சிபானா சொல்லிச் சலித்தாள்.

"என்னெண்டு கேக்கிற? 'மகன், நான் சத்தம் போடவா' எண்டா? கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவாரு. மாமிக்கு வேற என்ன சொல்லுற? மறுகா நித்திரை இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போய் ஆருட காலையோ கையெண்டு படமெடுத்து வைப்பாரு."

அதில் நியாயம் இருந்தது. ஓம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாத ஒருவரிடம் கேட்பது கேள்வி ஆகாது.

பேத்தி பிறந்தாள். அவளுடைய சட்டைகளெல்லாம் உம்முவின் கைத்தையல். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். உம்முவுக்கு இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் வந்தது. ஊசியில் நூல் கோக்கச் சுணங்கியது. வயதுதானே என்றாள். மாப் பைகள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. இடைக்கிடை அவிழ்த்து, பூச்சி அரிக்காமல் வேப்பிலை மாற்றிக் கட்டி வைப்பாள். சப்ரிக்குப் பகல் கடமை மாறி வந்தால் தொடங்கலாம் என்பாள். வீட்டுக்கு மேல்மாடி எடுத்தால் தொடங்கலாம் என்பாள். இரண்டும் நடக்கவில்லை.

கலியாணம் முடிந்து எட்டு ஒன்பது வருசத்துக்குப் பிறகு சப்ரி மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்பட்டார். அந்தப் பயணம் போகிறவர் போகமுன் சொந்தக்காரர், அயலவர் எல்லாரையும் நேரே கண்டு, செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். போனில் கேட்கிறது சேராது. மாமியிடமும் கேட்டாக வேண்டும்.

பின் விறாந்தை வாசலில் ஒரு செருமல் கேட்டது. உம்மு முக்காட்டை இழுத்தாள். சிபானா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். சப்ரி தலை குனிந்து நின்றார்.

"மாமி, நாளண்டைக்குப் பயணம். தெரிஞ்சோ தெரியாமலோ என்னால மனம் நொந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்தாச்சு மகன். எங்களுக்கும் துஆ செய்ங்க."

வழக்கமாக அதோடு முடிந்துவிடும். சப்ரி போகத் திரும்பினார். உம்மு நிறுத்தினாள்.

"நீங்களும் என்னப் பொறுக்கணும் மகன். வந்த புதுசில உங்கட நித்திரைய நான் கெடுத்திட்டன்."

"எந்த நித்திர மாமி?"

"மிசின் ஓட்டிட்டு இருந்தன். நீங்க எழும்பி வந்து பார்த்திட்டுப் போனீங்க. கதவச் சாத்தினீங்க."

சப்ரி யோசித்தார். பிறகு முகம் மாறியது.

"நான் காற்சட்டையக் கொண்டுவந்தன் மாமி. கால் நீளம். மடிச்சுத் தருவீங்களா எண்டு கேக்க வந்த. நீங்க முக்காடு இல்லாம இருந்தீங்க. எனக்கு வெக்கமாப் போச்சு, திரும்பிட்டன்."

சப்ரி தலையை நிமிர்த்தினார்.

"அடுத்த கிழமை பார்த்தா மிசினையும் தூக்கிட்டுப் பின்னுக்குப் போயிட்டீங்க. நான் இருக்கிற பக்கத்தில இருக்க உங்களுக்குச் சங்கடம் எண்டு நினைச்சன். அதாலதான் நான் பின்பக்கம் வாறல்ல. அங்கயாவது நீங்க நிம்மதியா இருங்க எண்டு."

"அப்ப சத்தம்?"

"நான் படுத்தா தொழுகைக்குக் கூப்பிடுற லுஹர் பாங்கே காதில விழாது மாமி. அதுக்கு அல்லாஹ்தான் என்னப் பொறுக்கணும்."

சிபானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒரு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடியிருக்கீங்க. நானும் அதுக்குத் துணை போயிருக்கன்." மற்ற இருவரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

அன்று பின்னேரமே சப்ரியும் ஸப்னாவும் மிசினைத் தூக்கிவந்து யன்னலடியில் வைத்தார்கள். சப்ரி பயணம் போனார்.

உம்மு மாப் பைகளை ஹோல் நிலத்தில் அவிழ்த்தாள். மிசினுக்கு எண்ணெய் விட்டாள். கருஞ்சிவப்பு வரிசையில் தொடங்கினாள். ஸப்னா வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு இருந்தால், அவர்கள் திரும்பி வரும்வரை எழும்ப மாட்டாள். சோறு ஆறிக் கிடக்கும். நேரே அடுக்கி, கோட்டுக்குக் கோடு முட்ட வைத்து, குண்டூசி குத்தி, ஓட்டி, நிலத்தில் விரித்து, எட்ட நின்று பார்ப்பாள். மனதில் இருந்த போர்வையேதான் நிலத்தில் கிடந்தது. அந்த நாட்களில் அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள் என்று பேத்தி பிறகு சொன்னாள்.

சிபானா வேலியால் வந்தாள். பார்த்தாள். சும்மா நின்றாள்.

"என்னகா, உனக்கும் வாயடைச்சுப் போச்சா?"

"ராத்தா... கோடு வளைஞ்சு போகுதே."

"எங்க?"

"இந்தா. இதிலயும். எல்லாத்திலயும்."

"நேராத்தான் இரிக்கு. உன்ட கண்ணப் போய்க் காட்டு."

ஸப்னா வரைபடத்துக்குக் கோடு கீறுகிற நீட்டு அடிமட்டத்தை உம்மு எடுத்துவந்து தையலின் மேல் வைத்தாள். அவளுக்குத் தையல் நேராகத் தெரிந்தது. அடிமட்டம் வளைந்து தெரிந்தது. அடிமட்டத்தைத் திருப்பி வைத்தாள். யன்னல் கம்பிகளைப் பார்த்தாள். அவையும் நடுவில் வளைந்திருந்தன. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

ஸப்னா அவளை மட்டக்களப்புக்கு ஒரு கண் வைத்தியரிடம் கூட்டிப் போனாள். அவர் ஒரு மட்டையை நீட்டினார். அதில் கறுப்புக் கோடுகளால் கட்டம், நடுவில் ஒரு புள்ளி.

"ஒரு கண்ணப் பொத்துங்க அம்மா. புள்ளியப் பாருங்க. கோடு எங்கயாவது வளையுதா?"

"நடுவில. இழை இழுபட்ட மாதிரி. நல்லா நெய்யல்ல."

மற்றக் கண்ணிலும் அப்படித்தான். சீனியால் விழித்திரையின் நடு வீங்கியிருக்கிறது என்றார். ஊசி போட்டால் இதற்கு மேல் கெடாமல் பார்க்கலாம், போனது திரும்பாது. இது தொடங்கி வருசக்கணக்கு என்றார்.

"ஆரம்பத்தில வந்திருந்தா நிப்பாட்டியிருக்கலாம். சில பேருக்குக் கன காலம் தெரியாது. வாசிக்கிற, தைக்கிற ஆக்கள் கெதியாப் பிடிச்சிருவாங்க. நீங்க தைக்கிறல்லயா?"

"கைவேலைதான்," என்றாள் உம்மு. "காற்சட்டை மடிப்பு."

ஸப்னாவுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. கட்டத்தோடு கட்டம் சேர்க்கிற ஒருத்தி, அந்த வருசங்களில் தினம் யன்னலடியில் இருந்திருந்தால், முதற் கோடு விலகிய நாளே கண்டிருப்பாள். உம்முவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். மருதமுனையில் பஸ்ஸால் இறங்கும்போது, "மருமகனிட்ட டொக்டர் கடைசியாச் சொன்னத்தச் சொல்லாத," என்றாள்.

சப்ரி உம்றாவால் வந்து மற்றதை அறிந்தார். மறுநாள் ஒரு கதிரையைத் தூக்கிவந்து மிசினுக்குப் பக்கத்தில் போட்டார்.

"நான் சொல்றன் மாமி. நீங்க ஓட்டுங்க. படத்தில கோடு பார்க்கிறதுதானே என்ட வேலை."

முதலில் வளைந்த வரிசைகளைப் பிரிக்க வேண்டும் என்றாள் உம்மு.

"இரிக்கட்டும் மாமி, அதுவும் வடிவுதான்."

"எனக்கு நேராத் தெரியிறத்துக்கு ஊர் முழுக்க வளைஞ்சு பார்க்கிறதா? பிரிங்க."

பிரித்தார்கள். கைத்தறித் துணியில் ஊசித் துளை மூடாது. விளிம்பெல்லாம் இழை பிரிந்து வந்தது. அளவு குறைந்து, கட்டம் சரிபாதியில் நின்றது. கருஞ்சிவப்புத் துண்டுகளில் மிச்சம் கொஞ்சம்தான் தேறியது. போர்வை இரத்தச் சிவப்பில் தொடங்கும் என்று உம்மு சொன்னாள். கருஞ்சிவப்பு ஓரம் போனது போனதுதான்.

"இடப்பக்கம் மாமி. இன்னும் ஒரு நூல். நில்லுங்க."

"நில்லுங்க எண்டா மிசின் நிக்காது மகன். ஆஸ்பத்திரியில சொல்லுவீங்களே, மூச்சப் பிடிங்க எண்டு, அப்பிடியா?"

"மூச்சு விடலாம் மாமி."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிபானா வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து, "என்ன அங்க கூத்து?" என்று சத்தம் போட்டாள். அப்படிச் சில கிழமைகள் போயின. கடமை இல்லாத பகல்களில் இருவரும் யன்னலடியில் இருந்தார்கள். வரிப்பத்தான்சேனையில் வெள்ளாமை வெட்டும் காலத்தில் அவருடைய உம்மா செய்யும் சாப்பாடு, மக்கீன் சாயத்தொட்டியில் விழுந்து ஒரு கிழமை பச்சைக் கையோடு திரிந்த கதை, எல்லாம் வெளியே வந்தன. தையல் நேராக வந்தது. சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பு ஆனது.

ஒரு வரிசை முடிந்தது. உம்மு துணியை நிலத்தில் விரித்தாள்.

"சேர்ந்திட்டா?"

"சேர்ந்திட்டு மாமி. அச்சொட்டா."

அவள் விரலால் தையலைத் தடவினாள். எட்ட நின்று பார்த்தாள். அவளுடைய கண்ணில் அது வளைந்து கிடந்தது. வந்து இருந்தாள். காலை மிதியில் வைக்கவில்லை.

"காணும் மகன். இதோட நிப்பாட்டுவம்."

"இன்னும் வெள்ளைப் பக்கம் முழுக்க இரிக்கே மாமி."

"கோடு சேர்றத நான் காணணும். அதுக்குத்தான் இவ்வளவும். நீங்க சொல்றீங்க, நான் நம்புறன். நம்புறத்துக்குத் தைக்க ஏலாது."

"நான் அண்டைக்கு வாயத் திறந்து அந்தக் காற்சட்டையத் தந்திருந்தா..."

"நான் கேட்டிருந்தா?" என்றாள் உம்மு. "விடுங்க. தேத்தண்ணி குடிப்பம்."

மிசினை மூடினாள். ஆனாலும் அவர் கதிரையைப் பின்னுக்கு எடுக்கவில்லை. பகல்களில் இருவரும் அங்கேயே இருந்து கதைத்தார்கள், ஊசி இல்லாமல்.

அடுத்த மாரிக்கு முன்பே உம்மு மௌத்தானாள். மூளையில் இரத்தம் கசிந்தது; அவள் கண் விழிக்கவில்லை. போர்வை இளஞ்சிவப்பு வரை நிற்கிறது. ஒற்றைக் கட்டிலுக்கும் அகலம் காணாது. வெள்ளைத் துண்டுகள் பையில் இருக்கின்றன.

உம்முவுக்காக ஓதிய கத்தம் முடிந்த பிறகு சிபானா பையை எடுத்து மடியில் வைத்து, மிச்சத்தைத் தான் தைத்து முடித்துத் தருவதாகச் சொன்னாள். ஸப்னா ஓம் என்று தலையாட்டினாள். சப்ரி மட்டும் வேண்டாம் என்றார். ஏனென்று ஸப்னா கேட்டாள். கோடு சேர்வதைக் காண வேண்டியவள் இனி இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. வேண்டாம் என்று திரும்பவும் சொன்னார், இம்முறை எல்லாருக்கும் கேட்கும்படி. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் குரலை உயர்த்திச் சொன்னது அது ஒன்றுதான்.